கோமாளி மீன்கள் கூடி வாழுமா?

வீட்டின் ஒரு மூலையிலே கண்ணாடித் தொட்டியொன்றை அமைத்து, அதில் வண்ண மீன்களை வளர்த்து மகிழும் வழக்கம் நம்மிடையே புதியதன்று. கப்பி, பொன்மீன் முதலிய நன்னீர் மீன்களை வளர்த்துப் பழகியவர் பலர். அவருட் சிலர் அண்மைக் காலத்திலே கடல்மீன் வளர்ப்பிலும் நாட்டஞ் செலுத்தி வருகின்றனர். அவ்வாறு கடல்மீனை நாடுவோர் முதன்முதலில் விரும்பி வாங்குவது பெரும்பாலும் கோமாளி மீனையே. செம்மஞ்சள் உடலும், அவ்வுடலைக் குறுக்கே வளைத்து நிற்கும் வெண்பட்டைகளும், தள்ளாடித் தள்ளாடி நீந்தும் நடையும் அதற்கு அப்பெயரைப் பெற்றுக் கொடுத்தன. 2003 ஆம் ஆண்டில் வெளிவந்த நீமோ என்னும் குஞ்சின் கதையைக் கூறும் கேலிச்சித்திரப் படம், இம்மீனைச் சிறுவர் அனைவருக்கும் அறிமுகஞ் செய்து வைத்தது.

ஒரு சோடியை வாங்கி வளர்த்தவர், சில மாதங்கள் சென்றதும் மீண்டும் கடைக்குப் போகிறார். அங்கே செந்நிறத்தில் ஒன்று, கருமை கலந்து ஒன்று, முதுகிலே ஒரே வெண்கோடுடையது ஒன்று எனப் பலவகைக் கோமாளி மீன்கள் கண்ணைப் பறிக்கின்றன. “இவற்றிலும் ஒரு சோடியைக் கொண்டுபோய் அதே தொட்டியில் விட்டால் என்ன?” என்று கேட்கிறார். எல்லாம் ஒரே குலத்தனவே. ஆகவே உறவு கொண்டாடும் என்று எண்ணுவது இயல்பு.

நேயர்களே, இந்தக் கேள்விக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கமாகும். விடையைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் அமையும் அளவான தொட்டியிலே இருவகைக் கோமாளி மீன்களை ஒன்றாக வைத்தல் தகாது. மிகப் பெரிய தொட்டியிலே, தக்க ஏற்பாடுகளோடு, சில வகைகளை மாத்திரம் சேர்த்து வைத்தல் கூடும். ஏன் தகாது, எப்பொழுது கூடும் என்பவற்றை இனி ஒழுங்காக நோக்குவோம்.

கோமாளி மீன் என்பது தனியொரு மீனின் பெயரன்று. ஒரு கூட்டத்தின் பெயர். அக்கூட்டத்தில் ஏறத்தாழ முப்பது இனங்கள் உள்ளன. செங்கடலிலிருந்து இந்து சமுத்திரம் வழியாகப் பசிபிக் சமுத்திரத்தின் தீவுகள் வரை இவை பரந்து வாழ்கின்றன. அத்திலாந்திக்குச் சமுத்திரத்தில் இவற்றுள் ஓர் இனமேனும் இல்லை. இவையனைத்துக்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. கடற்சாமந்தி என்னும் உயிரை இவை தமக்கு இல்லமாகக் கொள்கின்றன. பெயரைக் கேட்டு அதனைப் பூவென்றோ செடியென்றோ கருதுதல் வேண்டாம். அது பாறையிலோ மணலிலோ பற்றி நிற்கும் விலங்கு. அதன் உணர்கொம்புகளிலே நஞ்சூட்டும் நுண்ணிய கலங்கள் நிறைந்துள்ளன. மற்றைச் சிறுமீன்கள் அவற்றைத் தீண்டினால் மடியும். கோமாளி மீனையோ அதன் உடலைப் போர்த்திருக்கும் சளிப்படலம் காக்கின்றது. ஆதலால் பகைவர் நெருங்க அஞ்சும் இடத்திலே அது அச்சமின்றிக் குடியிருக்கின்றது. கடற்சாமந்திகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் இருப்பினும், கோமாளி மீன்களுக்கு இடமளிப்பவை ஏறத்தாழப் பத்து இனங்களே. இந்தப் பத்து என்னும் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வீடுகள் குறைவாகவும் குடியிருக்க விரும்புவோர் மிகுதியாகவும் உள்ள இடத்திலே வழக்கு எழுவது இயற்கை.

நமது கடலிலும் இம்மீன்கள் உண்டு. அவற்றுள் ஒன்றாகிய கிளார்க்கி என்னும் இனம், இலங்கைக் கரையோர மீன்களைப் பற்றி ஜோன் விச்சேர்ச் பென்னெற்று என்பவர் 1830 ஆம் ஆண்டளவில் இலண்டனில் வெளியிட்ட நூலினாலேயே அறிவியலுலகுக்கு அறிமுகமாயிற்று. பத்துவகைச் சாமந்திகளுள் எதனையும் இல்லமாகக் கொள்ள வல்லது அது. மற்றொன்று நிக்ரிப்பெஸ் எனப்படும் இனம். கருங்கால் உடையது என்பது அப்பெயரின் பொருள். வயிறும் வயிற்றுத் துடுப்பும் கறுத்திருத்தலால் அப்பெயர் பெற்றது. இலங்கைக் கடலிலும் மாலைதீவுக் கடலிலும் வாழும் இம்மீன் ஒரேயொருவகைச் சாமந்தியை மாத்திரமே நாடும். சேபே என்னும் மூன்றாவது இனமும் நம் கடலில் உண்டு. கடைகளில் மிகுதியாக விற்கப்படும் ஒசெல்லாரிஸ், பேர்குலா என்னும் இரண்டும் நம் நாட்டுக்கு உரியனவல்ல. ஒசெல்லாரிஸ் அந்தமான் கடலிலிருந்து கிழக்கு நோக்கிப் பரந்துள்ளது. பேர்குலா நியூகினி, சொலமன் தீவுகள், அவுஸ்திரேலியாவின் வடகீழ்க்கரை ஆகிய இடங்களுக்குரியது. கடலிலே பெரும்பாலும் ஒன்றையொன்று காணாத இவ்விரண்டும் கடைக்காரரின் தொட்டியிலேதான் முதன்முதலாகச் சந்திக்கின்றன.

இனி, இவற்றின் குடும்ப வாழ்க்கையைக் கவனிப்போம். சண்டையின் காரணம் அங்கேதான் இருக்கின்றது. ஒரு சாமந்தியிலே வாழும் கூட்டத்தில் மிகப் பெரியது பெண். அடுத்தது அதன் துணையாகிய ஆண். இவ்விரண்டுமே இனம் பெருக்குவன. எஞ்சியவை ஒன்றைவிட ஒன்று சிறியவாய், படிக்கட்டுப் போல வரிசைப்பட்டு நிற்கும். கோமாளி மீன்கள் யாவும் முதலில் ஆணாக முதிரக்கூடியன. பெண் இறந்துபட்டால், அதன் துணையாயிருந்த ஆண் பெண்ணாக மாறுகின்றது; வரிசையில் அடுத்து நின்றது ஆணின் இடத்தைப் பெறுகின்றது. இதனை ஹான்ஸ் பிரிக்கே, சிமோன் பிரிக்கே என்னும் இருவர் 1977 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பாப்புவா நியூகினியிலே பேர்குலா மீன்களை ஆராய்ந்த பீற்றர் பஸ்ரன், இன்னுமோர் உண்மையை 2003 ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். வரிசையிற் கீழுள்ள மீன், தனக்கு மேலுள்ளதை எட்டிவிடாதபடி தன் வளர்ச்சியையே அடக்கிக் கொள்கின்றதாம். எட்டிப் பிடித்தால் போட்டி; போட்டியில் தோற்றால் வெளியேற்றம். வெளியேற்றம் என்பது சாமந்தியின் காவலை இழத்தல். அதாவது, பெரும்பாலும் மரணம். ஆகவே சிறியதாயிருத்தலே அதற்கு உயிர்க்காப்பு.

இவ்வாறு அமைந்த குடும்பம் தன் எல்லையை மிக உறுதியாகக் காக்கும். பெண்மீனே முதற்காவலாளி. முட்டையிட்ட காலத்தில் அதன் துணிவு இன்னும் மிகும். தொட்டியைத் துப்புரவு செய்பவரின் கையையும் கடிக்கத் தயங்காது. வானொலி கேட்போர்க்குச் சுவையான செய்தியொன்றையும் இங்கே கூறலாம். இம்மீன்கள் ஊமைகள் அல்ல. பகையை விரட்டும்போது டக்டக்கென ஒலி எழுப்புகின்றன. தாடைகளை விரைந்து மூடும்போது பற்கள் ஒன்றோடொன்று மோதுவதனால் அவ்வொலி பிறக்கின்றதென்பது, கிளார்க்கி மீனிலே செய்த ஆய்வினால் 2007 ஆம் ஆண்டில் தெளிவாயிற்று.

கடலிலே இந்தச் சண்டை அளவோடு முடிகின்றது. விரட்டப்பட்ட மீன் எல்லையைத் தாண்டி ஓடிவிட்டால் துரத்தியது திரும்பிவிடும். தொட்டியிலோ ஓட இடமில்லை. எல்லையைக் காக்கும் மீனின் கண்ணுக்கு நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் அடங்கிய அவ்வளவும் தன் எல்லையே. தோற்றது மூலையில் ஒதுங்கினாலும், ‘இது இன்னும் என் நிலத்திலே நிற்கின்றது’ என்றுதான் வென்றது கொள்ளும். ஆதலின் துரத்தல் ஓயாது. ஓயாத துரத்தலால் தோற்ற மீன் உணவை விடுகின்றது, துடுப்புக் கிழிகின்றது, நோய் பற்றுகின்றது, ஒருநாட் காலை மடிந்து கிடக்கின்றது. மீனிடத்தே கொடுமை எதுவும் இல்லை. அது கடலிற் செய்ததையே இங்கும் செய்கின்றது. போக வழியில்லாத இடத்தில் அதனை வைத்தவர் நாமே.

ஓரினத்துக்குள்ளேயே மூன்றாவது மீனுக்கு நிலைமை இதுவாயின், வேற்றினத்தின் நிலை யாது? இதற்குச் சுவையான விடையொன்று யப்பான் நாட்டிலே கிடைத்துள்ளது. ஓக்கினாவா விஞ்ஞான தொழினுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த கினா ஹயாஷி என்பாரும் உடனாய்வாளரும், முட்டையிலிருந்து வளர்க்கப்பட்ட ஒசெல்லாரிஸ் மீன்களின் முன்னே வெவ்வேறு கோமாளி இனங்களைச் சிறு பெட்டிகளில் வைத்துப் பார்த்தனர். பின்னர், வெண்பட்டைகள் வரைந்த போலி வட்டுக்களையும் நீரில் இறக்கிப் பார்த்தனர். மூன்று பட்டையுடைய ஒசெல்லாரிஸ், தன்னைப் போல மூன்று பட்டை தாங்கியவற்றையே மிகுதியாகத் தாக்கிற்று. பட்டையே இல்லாதவற்றை மிகக் குறைவாகவே தாக்கிற்று. 2024 ஆம் ஆண்டில் வெளிவந்த இவ்வாய்வின்படி, தன் இடத்தைப் பறிக்கக்கூடியவர் யார் என்பதை இம்மீன் பட்டைகளின் எண்ணிக்கையைக் கொண்டே பெரிதும் கணிக்கின்றது எனலாம்.

இதிலிருந்து மீன் வளர்ப்போர் அறியவேண்டியது யாது? தோற்றத்தில் ஒத்தவை ஒத்துப்போகும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மை அதற்கு நேர்மாறு. மிக ஒத்தவையே மிகப் போரிடுவன. ஒசெல்லாரிசும் பேர்குலாவும் பட்டையாலும் நிறத்தாலும் ஏறத்தாழ இரட்டையர் போன்றவை. முதுகுத் துடுப்பின் முட்களை எண்ணியே பலர் அவற்றை வேறுபடுத்துவர்; முன்னதற்குப் பெரும்பாலும் பதினொன்று, பின்னதற்குப் பெரும்பாலும் பத்து. இவ்விரண்டிலும் சோடிக்கொரு சோடி சேர்த்து வைப்பவர், இரண்டு சோடி ஒசெல்லாரிசை வைத்தவர் போன்றவரே. மேலும், இவ்விரண்டினத்திலும் தனித்தனி மீன்கள் தம்முள் சோடி சேர்ந்து கலப்புக் குஞ்சுகளை ஈனவுங் கூடும்.

கடலில் இருவகை மீன்கள் ஒரே சாமந்தியில் வாழ்வதில்லையா என்று சிலர் வினவக்கூடும். வாழ்வதுண்டு. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், பாப்புவா நியூகினி முதலிய நாடுகளைச் சூழ்ந்த பவள முக்கோணம் என்னும் கடற்பரப்பில் கோமாளி இனங்கள் மிகுதி. அவற்றுக்கேற்ற சாமந்தி இனங்கள் குறைவு. அங்கே இரண்டினங்கள் ஒரு சாமந்தியைப் பகிர்ந்து கொள்ளுதல் அரிதன்று என்பதை 2016 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. ஆயின் அவ்வாறு பகிர்ந்து வாழும்போது, அடங்கிய இனம் சாமந்தியின் ஓரத்திலேயே ஒதுங்கி வாழ்கின்றது. ஒன்றின் வாழ்வு மற்றொன்றின் வாழ்வோடு மோதுவது குறைவு. அவ்வகைக் கூட்டுறவிலிருந்து கலப்பினமும் தோன்றியதுண்டு. 1973 ஆம் ஆண்டில் தனியினமென விபரிக்கப்பட்ட லூக்கோகிரானோஸ் என்னும் மீன், இரண்டினங்களின் கலப்பே என்பது பின்னர் உறுதியாயிற்று. கடலில் இது நிகழ்கின்றது என்பதனால் வீட்டிலும் நிகழும் என்று முடிவு செய்தல் பொருந்தாது. அங்கே சாமந்தியைச் சூழ்ந்து பெருங்கடல் இருக்கின்றது. இங்கே சுவர் இருக்கின்றது.

இன்னொரு ஐயமும் எழுவதுண்டு. கடைத் தொட்டியிலே பல இனக் கோமாளிகள் ஒன்றாய்க் குவிந்து அமைதியாயிருப்பதைப் பலர் கண்டிருப்பர். அவை குஞ்சுகள், ஆணும் ஆகாத பெண்ணும் ஆகாத பருவத்தின. கூட்டம் மிகுதியாதலால் ஒரு மீனின் பகை ஒன்றின் மேலே நிலைத்து நிற்பதில்லை. காத்துக்கொள்ள வேண்டிய இடமும் அங்கே இல்லை. அவற்றுள் இரண்டிரண்டைக் கொண்டுவந்து வீட்டுத் தொட்டியில் விட்டால், ஆறு மாதமோ ஓராண்டோ அமைதி நிலவக்கூடும். பின்னர் ஒன்று பெண்ணாக முதிர்கின்றது, சோடி அமைகின்றது, ஓரிடத்தைத் தனதாக்கிக் கொள்கின்றது. அன்றுதான் கணக்குத் தொடங்கும். ஆகவே, முதலாண்டு அமைதியைக் கண்டு எம்முயற்சி வெற்றி என்று கூறுதல் அவசரத்தின் விளைவாகும். நன்கு பேணினால் இருபதாண்டுக்கு மேலும் வாழவல்ல மீன் இது என்பதை மறத்தலாகாது.

எல்லாக் கோமாளிகளும் ஒரே குணத்தனவல்ல. குணத்தைக் கொண்டு அவற்றை மூன்றாகப் பகுக்கலாம். ஒசெல்லாரிஸ், பேர்குலா ஆகியனவும், முதுகிலே வெண்கோடு ஓடும் இளஞ்செந்நிற வகைகளும் ஓரளவு சாந்தமானவை. நம் கடற் கிளார்க்கியும் அதனைச் சார்ந்தவையும் சுறுசுறுப்பும் துணிவும் உடையவை. பதினைந்து சென்ரிமீற்றர் வரை வளரக்கூடியவை. தக்காளி நிறத்தனவும், அவற்றினும் மேலாக மரூன் எனப்படும் கருஞ்சிவப்பினமும் மிக்க போர்க்குணம் வாய்ந்தவை. மரூன் கன்னத்தில் முள்ளுடையது. பெண் பதினாறு, பதினேழு சென்ரிமீற்றர் வரை வளரும். தன்னினத்து ஆணையே ஏற்கத் தயங்கும் அம்மீனோடு வேற்றினக் கோமாளி எதனையும் சேர்த்தல் அறவே கூடாது.

இனித் தொட்டியைப் பற்றிச் சில வார்த்தைகள். ஒரு சோடிக்குத் தொண்ணூறு சென்ரிமீற்றர் நீளம், நாற்பத்தைந்து சென்ரிமீற்றர் அகலம், நாற்பது சென்ரிமீற்றர் உயரமுடைய தொட்டி நன்று. அது ஏறத்தாழ 160 லீற்றர் நீர் கொள்ளும். கடல்நீரில் லீற்றருக்கு முப்பத்தைந்து கிராம் அளவு உப்புண்டு. ஆகவே செயற்கைக் கடலுப்பைக் கரைப்போர்க்கு ஐந்தரைக் கிலோவுக்குச் சற்று மேல் வேண்டும். சமையலுப்பு இதற்கு உதவாது. கரையோரத்தில் வாழ்வோர் கடல்நீரையே பயன்படுத்தலாம். ஆயின் ஆற்றுமுகத்திலும் துறைமுகத்திலும், பெருமழையின் பின்னரும் நீர் எடுத்தலாகாது. நீர் ஆவியாகிக் குறையும்போது உப்புக் குறைவதில்லை. ஆதலால், குறைந்த அளவுக்கு நன்னீரையே ஊற்றவேண்டும். வெப்பம் இருபத்தைந்து முதல் இருபத்தேழு பாகை வரை இருத்தல் நன்று.

நீரை நிரப்பிய அன்றே மீனை விடலாகாது. மீனின் கழிவிலிருந்து தோன்றும் அமோனியா நஞ்சு. அதனை ஒருவகைப் பற்றீரியாக்கள் நைத்திரைற்றாக மாற்றும், அதுவும் நஞ்சு. வேறொருவகை அதனைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாக மாற்றும். இந்த நுண்ணுயிர்கள் பாறையிலும் வடியிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு கிழமைகள் செல்லும். அதுவரை பொறுத்திருத்தல் வேண்டும். நீரைச் சுழற்றும் இயந்திரம் நின்றால் ஒட்சிசன் குறையும். 2022 ஆம் ஆண்டில் நாளுக்குப் பல மணிநேரம் மின்வெட்டு நேர்ந்ததை நாம் மறக்கவில்லை. மின்கலத்தால் இயங்கும் காற்றுக் குழாயொன்று ஒவ்வொரு தொட்டிக்கும் இன்றியமையாதது.

கடற்சாமந்தி இல்லாமல் கோமாளி மீன் வாழாதென்பது பரவலான தவறான எண்ணம். பகைவரற்ற தொட்டியிலே அது சாமந்தியின்றி நலமாக வாழும், முட்டையும் இடும். சாமந்தியை வளர்ப்பதே கடினம். வலிய ஒளியும், பல மாதங்கள் முதிர்ந்த நீரும் அதற்கு வேண்டும். ஒரு சாமந்தியை மாத்திரம் வைத்து இரண்டு சோடிகளை விடுதல், சண்டைக்கு நாமே பொருளை நடுவில் வைத்தல் போலாகும்.

இவ்வளவும் கேட்ட பின்னரும் இரண்டினங்களை வைத்தே தீரவேண்டும் என்பவர் உண்டு. அவர்க்கு வேண்டியது முதலில் இடம். ஒன்றரை மீற்றருக்குக் குறையாத நீளம் வேண்டும். 150 சென்ரிமீற்றர் நீளம், 60 அகலம், 50 உயரமுடைய தொட்டி 450 லீற்றர் கொள்ளும். கண்ணாடியும் பாறையும் சேர அரைத் தொன்னுக்கு மேல் நிறை வரும். வீட்டின் தளம் அதனைத் தாங்குமா என்பதை முன்னரே அறிதல் வேண்டும். இரு முனைகளிலும் பாறைக் குவியல்களை அமைத்து, நடுவிலும் ஒரு குவியலை எழுப்பி, ஒரு சோடியின் பார்வை மற்றொன்றின் மேல் விழாதபடி மறைக்கவேண்டும். சாந்தமானவற்றுள், பட்டையாலும் பருமனாலும் வேறுபட்ட இரண்டினங்களைத் தேர்தல் வேண்டும். இளம்பருவத்தில் ஒரே நாளில் இரண்டையும் விடுதல் நன்று. அது இயலாவிடின் சாந்தமான இனத்தை முதலில் விட்டு, சில கிழமைகளின் பின் மற்றையதைத் துளையிட்ட பெட்டியில் வைத்துப் பழக்கி, பாறைகளை இடம் மாற்றிய பின்னர் விடவேண்டும். உணவை இரு முனைகளிலும் ஒரே வேளையில் இடவேண்டும். புதிதாய் வாங்கிய எம்மீனையும் நான்கு கிழமை தனித்தொட்டியில் வைத்துக் கவனித்த பின்னரே சேர்த்தல் வேண்டும். கோமாளிகளைச் சில நாட்களிலேயே கொல்லவல்ல தொற்றுநோய்கள் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிரித்து வைப்பதற்கு இன்னொரு தொட்டி ஆயத்தமாக இருத்தல் வேண்டும். ஒரு மீன் மற்றொன்றின் முன் பக்கவாட்டில் சாய்ந்து நடுங்கினால் அஞ்சவேண்டாம். அது பணிவின் அடையாளம். அதன்பின் துரத்தல் நின்றுவிடும். ஆனால் ஒரு மீன் நீர்மட்டத்தின் மூலையிலோ இயந்திரத்தின் பின்புறத்திலோ நாள் முழுதும் ஒதுங்கி நின்றாலும், உணவுக்கு வெளிவர அஞ்சினாலும், துடுப்புக் கிழிந்திருந்தாலும், அன்றைக்கே பிரித்தல் வேண்டும். “பழகிவிடும்” என்று காத்திருப்போர் இழப்பது மீனை.

நான் விலங்கியல் கற்றவனல்லேன். தமிழும் வரலாறும் கற்றுப் பட்டம் பெற்றவன். எனினும் எமது பாடசாலையின் விஞ்ஞான கூடத்திலே ஒரு தொட்டியும் அதில் ஒசெல்லாரிஸ் சோடியொன்றும் உள்ளமையால் இவற்றை அறியும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. பத்தாந்தர மாணாக்கர் ஒருநாள் என்னிடம் வந்து, தக்காளிக் கோமாளி இரண்டையும் அத்தொட்டியில் சேர்க்க அனுமதி கேட்டனர். பழைய மாணாக்கர் ஒருவர் அவற்றை வாங்கித் தரவும் முன்வந்திருந்தார். மறுத்துவிடுதல் எளிது. ஆயினும் மூன்று வினாக்களை எழுதிக் கொடுத்து, விடையோடு வருமாறு கூறினேன். சண்டை மூண்டால் தோற்ற மீனை எங்கே வைப்பது? அத்தொட்டியை யார் பேணுவது? பாடசாலை விடுமுறையில் இரண்டு தொட்டிக்கும் யார் பொறுப்பு? இரண்டு கிழமை கழித்து அவர்கள் திரும்பி வந்தனர். தம்முட் பெரிய விவாதம் நிகழ்ந்ததென்றும், கடைத் தொட்டியில் அவை ஒன்றாய் இருக்கின்றனவே என்று ஒரு மாணவன் இறுதிவரை வாதித்தானென்றும் அறிந்தேன். அவர்கள் சார்பில் பேசிய மாணவி, “ஐயா, தோற்ற மீனுக்கு எங்களிடம் இடமில்லை, ஆகையால் வேண்டாம்” என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில் இன்றைய பேச்சு முழுதும் அடங்கியிருக்கின்றது. தக்காளிக் கோமாளிக்குப் பதிலாகத் துப்புரவு இறால் ஒன்று தொட்டிக்கு வந்தது. சில மாதங்களின் பின் அச்சோடி பாறையிலே செம்மஞ்சள் நிற முட்டைகளை இட்டது. ஆண்மீன் அவற்றுக்குத் துடுப்பால் நீர் விசிறி ஏழெட்டு நாட்கள் காவல் நின்றதைப் பாடசாலை முழுதும் வரிசையாக வந்து பார்த்தது. இன்னொரு சோடியும் அங்கே இருந்திருப்பின் இக்காட்சி எமக்குக் கிட்டியிராது.

நிறைவாக, இந்த மீன்கள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் எண்ணவேண்டும். 1970களிலிருந்து கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிப்பித்து வளர்த்து வருகின்றனர். கடலிற் பிடித்தவற்றைவிட அவை தொட்டி வாழ்வுக்குப் பழகியவை, நோயும் குறைவு. நமது பவளப்பாறைகளோ 1998 ஆம் ஆண்டில் கடல்நீர் வெம்மையுற்றதனாற் பெருஞ்சேதம் அடைந்தன. வெப்பம் மிகும்போது சாமந்திகளும் வெளிறுகின்றன. மெதுவாய் வளர்ந்து நெடுங்காலம் வாழும் சாமந்தியொன்றைப் பெயர்த்தெடுத்தால், பல தலைமுறை மீன்களுக்குரிய இல்லம் அழிகின்றது. 2002 ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாகிய ஹிக்கடுவையிலும், 2003 ஆம் ஆண்டில் அத்தகுதி பெற்ற திருகோணமலைப் புறாத்தீவிலும் எவ்வுயிரையும் எடுத்தல் சட்டப்படி குற்றம். அங்கே செல்வோர் நீரில் முகம் புதைத்து, நம் கடற் கோமாளிகளை அவற்றின் இல்லத்திலேயே கண்டு மகிழலாம். அவ்வாறே, வளர்த்து அலுத்த வேற்றுநாட்டு மீனைக் கடலில் விடுதலும் பெருந்தவறு. அத்திலாந்திக்குச் சமுத்திரத்துக்கு உரியதல்லாத சிங்கமீன் அங்கே பரவி, அந்நீரின் சிறுமீன்களுக்குப் பெருங்கேடாயிருப்பதை உலகம் கண்டுகொண்டிருக்கின்றது.

ஆகவே நேயர்களே, தொட்டி வைத்திருப்போர் ஓரினத்தில் ஒரு சோடியோடு மனநிறைவு கொள்வாராக. பல நிறங்களைக் காணும் ஆசை உண்டாயின், கோமாளி அல்லாத வேறு சாந்தமான சிறுமீன்களை அளவோடு சேர்க்கலாம். அல்லது இன்னோர் இனத்துக்கு இன்னொரு தொட்டி அமைக்கலாம். கடையில் நின்று புதிய மீனொன்றைச் சுட்டிக்காட்டும் முன், தோற்றுப்போகும் மீனுக்கு நம் வீட்டில் இடமுண்டா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தால் போதும். விடை இல்லையென்றால், பணத்தைச் சட்டைப்பையிலும் மீனைக் கடைத் தொட்டியிலும் விட்டுவிட்டு வீடு திரும்புவதே அறிவுடைமை.